தேனில் குழைத்த பொடி

என் முகம் அழகாகிவிட்டது என்று தெருவே சொன்ன வருஷம் அது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் நின்று நின்றே தேய்ந்த முழங்கால்கள் எனக்கு. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடமிருந்து என் வீட்டுக்காரர் பொடி வாங்கி வந்தார். காலையில் தேனில் குழைத்து ஒரு சிட்டிகை. மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. ஆறே மாதத்தில் கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. "மதினி, பூசின மாதிரி இருக்கீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அன்று கண்ணாடி முன்னால் கூடக் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிறகு பித்தப்பையில் கல். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். "வேற என்ன மருந்து சாப்பிடுதீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஒண்ணும் கிடையாது சார்" என்றார். அது பொய் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, ஊசி. தேனில் குழைப்பதெல்லாம் சாப்பாட்டோடு சேர்த்தி. பொடி டப்பா வீட்டுச் சாமி படத்தடியிலேயே இருந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் மத்தியானம் நான் மிதக்க ஆரம்பித்தேன். கட்டில் பாபநாசம் படித்துறைக்குப் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீர், மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய குளிர்ச்சி. மீன்கள் பாதத்தை முகர்ந்துவிட்டுப் போயின. "பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு" என்று கரையில் யாரோ கத்தினார்கள். யாருடைய பிரஷரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆறு இழுத்த பக்கம் போவது அவ்வளவு சுகமாக இருந்தது. அப்போது பயமே இல்லை. இப்போது நினைத்தால்தான் பயம்.

கரையில் நடந்ததை நர்ஸ் பிற்பாடு சொன்னாள். டாக்டர் என் கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே தோலில் இருந்த நீலத் திட்டுகளை வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார். "அண்ணாச்சி, யோசிச்சுச் சொல்லுங்க. முகம் எப்பம் இருந்து இப்படி வீங்கியிருக்கு?"

"வீக்கமா? இல்ல சார், சதை போட்டிருக்கா. அந்தப் பொடி சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து..." என்று இழுத்தாராம்.

"பொடியில ஸ்டீராய்டு கலந்திருப்பான். பட்டுன்னு நிறுத்தினா உடம்பு தாங்காது" என்று டாக்டர் அதே மருந்தை டிரிப்ஸில் ஏற்றச் சொன்னார். ஆறு பையப் பைய வடிந்தது. கண்ணைத் திறந்தபோது வீட்டுக்காரர் என் கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

பிழைத்தேன். ஆனால் தையல் ஒரு பக்கம் பிரிந்து, மூன்று மாதம் புண் மூடவில்லை. அதுவும் பொடியின் கைங்கரியம்தானாம். அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். முகம் வற்றியது, முழங்கால் வலி திரும்பி வந்தது. தினமும் கட்டு மாற்ற வீட்டுக்காரர் பஸ்ஸில் கூட்டிப்போவார். புது நர்ஸ் வந்தால் என் பெயரைத்தான் கேட்பாள். "பொடி சாப்பிட்டா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்பார் இவர்.

அந்த நீலத் திட்டுகள் ஆபரேஷனுக்கு வெகு முன்பே வந்தவை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் பொடியை நிறுத்திவிடுவாரே என்று முழங்கைவரை கை வைத்து ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.