கிணற்றுக் காற்றை அளந்த கம்பி

விசுவமடுவில் காணி பெற்றுக் குடியேறியவர்கள் கிணற்றில் இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே நச்சுக்காற்று, எரிந்தால் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களோடு வந்த வழக்கம் அது.

அந்தக் கோடையில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. அக்காவின் கணவர், என் அத்தான், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் பலகை போட்டு வைத்திருந்தார். காலை முழுக்க ஓடிய இயந்திரம் மத்தியானம் நின்றுவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் லாம்பை இறக்கினேன். நன்றாக எரிந்தது.

“எரியுது அத்தான், இறங்குங்கோ” என்றேன்.

இறங்கியவர் இயந்திரத்தைத் தொடவேயில்லை. பலகையில் அப்படியே சாய்ந்தார். அயலவர்கள் மேலே தூக்கியபோது மூச்சில்லை.

“இஞ்சின் புகையில இருக்கிற வாயு, தம்பி. நிறமுமில்லை, மணமுமில்லை. லாம்பு அதுக்குள்ளயும் எரியும்” என்றார் டொக்டர். புதிதாய்க் கேட்பவன் போல் தலையாட்டினேன். நான் விஞ்ஞான வாத்தியார். போன தவணைதான் காபனோரொட்சைட்டு என்று கரும்பலகையில் எழுதி, இஞ்சின் புகையில் இருக்கும், ஆளைக் கொல்லும் என்று படிப்பித்தேன். கிணற்றடியில் அது நினைவுக்கு வரவேயில்லை. வாத்தியாராம், வாத்தியார்.

அதன்பின் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சுவாலைச் சோதனைக்கு வைத்திருந்த மெல்லிய பிளாற்றினக் கம்பியை எடுத்துச் சுருளாக்கி, கார் பற்றரியால் சிவக்கச் சூடாக்கினேன். சூடான கம்பியில் பட்டால் அந்த வாயு எரியும். கம்பி இன்னும் சூடேறும், மின்தடை கூடும், அதோடு இணைத்த மின்மானியின் ஊசி நகரும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் சிறு காற்று வீசினாலே கம்பி குளிர்ந்து, ஊசி தாறுமாறாக ஆடியது. கம்பி வலையால் மூடினேன். பற்றரி இறங்கினாலும் ஊசி இறங்கியது. அதே அளவில் இன்னொரு கம்பியை வாயு படாதபடி கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரண்டையும் ஒரே பற்றரியில் இணைத்து வித்தியாசத்தை மட்டும் அளந்தேன். எட்டு ஒன்பது மாதம் போயிற்று.

அத்தானின் முதல் வருச ஆட்டைத் திவசத்தன்று அதை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்துக் காணிக்காரரின் இயந்திரப் புகையருகே பிடித்தேன். ஊசி ஏறியது. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“அண்டைக்கு இது உன்னட்டை இருந்திருந்தால், அவரை இறங்க விட்டிருக்க மாட்டாய், என்ன தம்பி?”

“ஓம் அக்கா.”

“பிறகென்ன. தெரியாமல் நடந்ததுக்கு நீ ஏன் உன்னைப் போட்டு வதைக்கிறாய்? வா, சாப்பிடு.”

எனக்குத் தெரிந்துதான் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமலே போய்ச் சாப்பாட்டுக்கு இருந்தேன். அத்தானுக்குப் படைத்த சோற்றை அக்கா எனக்கு இலையில் போட்டார். நான் சாப்பிட்டேன்.