அம்மாவின் பெயரில் இன்னொருத்தி

பளபளவென்று தேய்த்த மரப்படிகளிலிருந்து எழும் மெழுகு வாசனைதான் என் பள்ளிக்கூடம். கொல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய அந்தக் கட்டடத்தை அப்பா "துரைமார் இஸ்கூல்" என்பார். என் தாத்தா சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கூலியாக இருந்தவர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். நகரின் பெஹாலா பகுதியில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். இன்றும் அதைத் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

அந்தப் பள்ளியில் இடம் கேட்டால் பிள்ளையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள். கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இந்தியில் பதில் சொன்ன ஒரு தகப்பனை, எங்கள் சந்துக்காரர்தான், பாதியிலேயே எழுப்பி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் துரையல்ல, நம்மைப் போன்ற ஒருவர்தான் என்பதை நான் வெகுகாலம் கழித்தே யோசித்தேன்.

கடைக்குத் தினமும் வரும் வங்கி அதிகாரி சந்தானம் சாரிடம் அப்பா சொன்னார்: "எங்க மூஞ்சியப் பாத்தா சீட்டு குடுக்க மாட்டாவ சார். ஒருநாள் மட்டும் எம்பேர நீங்க வச்சுக்கிடுங்க. வீட்டம்மா பேர மாமி வச்சுக்கிடட்டும்."

"அப்போ கடையும் எனக்குத்தானா, முருகையா?"

"தாராளமா. மாவு மட்டும் நீங்களே ஆட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே சந்தானம் சார் முருகையாவாகவும் அவர் மனைவி லலிதா மாமி செல்வியாகவும் போய் உட்கார்ந்து, அழகான ஆங்கிலத்தில் எனக்கு இடம் வாங்கித் தந்தார்கள்.

அந்த ஒருநாள் பத்து வருஷமாக நீண்டது. பெற்றோர் கூட்டமென்றால் மாமிதான் வருவார். அந்தத் தெருப்பக்கமே அப்பாவும் அம்மாவும் தலைகாட்டக் கூடாதென்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் எந்தத் தோழியையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, எவர் வீட்டுக்கும் போனதில்லை. உண்மை வாய் தவறி வந்துவிட்டால் இடம் போய்விடுமோ என்ற பயத்தில், மதியச் சாப்பாட்டு மணியடித்ததும் டப்பாவோடு மரப்படியின் கடைசியில் தனியாக உட்கார்ந்துகொள்வேன். "ரொம்பக் கர்வம் பிடிச்சவ" என்று வகுப்பில் பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எனக்கு வசதியாகவும் இருந்தது.

எட்டாம் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. அம்மாவையும் மேடைக்கு அழைத்துப் பரிசை இருவர் கையிலும் சேர்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம். மாமி பட்டுப்புடவையில் முன்வரிசையில் இருந்தார். அன்று என் அம்மா, யாரிடமும் சொல்லாமல், கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் காவல்காரர் "கார் மா ஆப்னி?" என்று, யாருடைய அம்மா என்று, வங்க மொழியில் கேட்டிருக்கிறார். யாருடைய அம்மாவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி, பரிசு வாங்கும் பெண்ணை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. மேடையேறியபோது, மண்டபத்துக் கதவுக்கு வெளியே அவள் முகம்தான் திடீரென்று எனக்குத் தெரிந்தது.

ஒலிபெருக்கியில் "மிஸஸ் செல்வி முருகையா" என்று அழைத்தார்கள். மாமி எழுந்தார். கதவருகே நின்ற அம்மாவும், தன் பெயரைக் கேட்டதும், ஓர் அடி முன்னால் வைத்துவிட்டாள். பிறகு அந்தக் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தாள்.

பரிசை வாங்கிக்கொண்டு நான் மாமியைப் பார்த்துச் சிரித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பேர மைக்குல எவ்வளவு அழகாச் சொன்னாவ, கேட்டியாட்டி?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது நான் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். காலனி ஆட்சி எந்த வருஷம் முடிந்தது என்றால் மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குத்தான் அவ்வளவு சட்டென்று வருவதில்லை. அப்பா இல்லை, கடையும் இல்லை. சந்தானம் சாரும் மாமியும் சென்னைக்குப் போய்விட்டார்கள். சென்ற மாதம் பழைய மாணவிகளுக்கான விழாவுக்குப் பள்ளியில் அழைத்திருந்தார்கள். பெற்றோரை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட அறையில் இப்போது கணினிகள் இருக்கின்றன. அப்படியொரு தேர்வு நடந்ததே இப்போதைய ஆசிரியைகளுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். "அங்க என்னைய யாருக்குட்டி தெரியும்?" என்று மறுத்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உன் அம்மா எப்படி இருக்கிறார்? என்ன அருமையான ஆங்கிலம்!" என்றார். சொல்லியிருக்கலாம். இனி என் இடத்தை யாரும் பறிக்க முடியாது. ஆனால், "நலமாக இருக்கிறார், சென்னையில்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா கேட்டாள்: "என்னைய யாரும் கேட்டாவளா?"

"கேட்டாங்கம்மா," என்றேன்.