பதலி நின்ற தங்கமயில்

அந்தத் தோல் கிடங்கு இருந்த இடத்தை இப்போது கடந்தாலும் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை வருவதுபோலவே இருக்கிறது. கூடவே தங்கமயிலின் சிரிப்பும்.

யுத்த காலம். தாராவி ரேஷன் கடை வரிசையில் அடிதடி. விலக்கிவிடப் போன அவள் கணவன் சிவனாண்டியையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. ஜாமீனுக்கு ஆளில்லை. நேரில் பார்த்த சாட்சி, கிடங்கில் வேலை செய்த காசிராஜன். அவர் கோர்ட்டுக்குப் போனார், கூப்பிடவில்லை. மறுமுறையும் போனார், வேறு தேதி கொடுத்தார்கள். அதன்பின் அவர் போகவில்லை. உடனே, "சாட்சி வரவில்லை" என்று வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். குற்றம் செய்திருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் உள்ளே கிடந்தான் சிவனாண்டி. இதற்குப் பெயர் நீதிமன்றம்!

"மாரியம்மனுக்குக் கெடா நேந்துக்கிடு, தங்கம்" என்றாள் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள்.

"கெடா கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லுமாக்கா?"

நேரே காசிராஜனிடம் போனாள்.

"வராண்டாவுலயே பொழுது போவுது, தங்கமயிலு. கூலியும் போவுது. வீட்டுல புள்ளைக பட்டினி" என்றார் அவர்.

"அடுத்த கோர்ட்டு தாரீக்குக்கு நீங்க போங்க அண்ணாச்சி. ஒங்க எடத்துல நான் பதலி நிக்கேன். கூலி ஒங்களுக்குத்தான்."

கிடங்கில் அது வழக்கம்தான். வராதவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்கலாம், அவர்தான் பதலி. கூலி பெயருக்குரியவர் கணக்கில் விழும். ஆனால் ஆண்கள் தோல் தூக்கும் இடத்தில் ஒரு பெண் பதலி நின்றதில்லை. மேஸ்திரி ஷேக் பரீத் சிரித்தார், பிறகு தலையசைத்தார்.

அவள் நின்ற முதல் நாள் மாஜிஸ்திரேட் லீவு. மறுமுறை போலீஸ்காரர் வரவில்லை. "ஒன் புருசன் வாரதுக்குள்ள நீயே மேஸ்திரி ஆயிருவ" என்று கேலி செய்தார்கள். அதற்கும் சிரித்தாள், தூக்கினாள்.

அடுத்த தேதியில் காசிராஜனைக் கூப்பிட்டார்கள். கண்டதைச் சொன்னார். சாயங்காலம் கிடங்கு வாசலில் சிவனாண்டி வந்து நின்றான், எலும்பும் தோலுமாக. விடுதலையைப் பார்க்க வேண்டியவள் சுண்ணாம்புத் தொட்டியருகே இருந்தாள்.

கையிலிருந்த தோலை அவள் கீழே போடவில்லை.

"மணி அடிக்கட்டும், செத்த நில்லுங்க. இப்ப வந்தா அண்ணாச்சி கூலியில பிடிச்சிருவாக."

"இன்னமும் நிக்கணுமா?" என்றான் சிவனாண்டி. சட்டையைக் கழற்றிவிட்டு, தோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.