வெளிவேலை என்ற கடைசி வரி

கட்டடத்தின் வரைபடம் வருவதற்கு முன்பே "கிட்டத்தட்ட எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். முன்பெல்லாம் எங்கள் அலுவலகத்தில் குத்துமதிப்பாகத்தான் சொல்லுவார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. முடிந்த கட்டடங்களின் கோப்புகளை இழுத்துப்போட்டு, அத்திவாரத்துக்கு என்ன போனது, சுவருக்கு என்ன, கூரைக்கு என்ன என்று கூறு கூறாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அட்டவணை செய்தேன். மொத்தம் பத்து வரி. தொழில் தெரியாதவருக்கும் ஒரு பார்வையில் விளங்கும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நெடுந்தீவில் ஒரு தாய் சேய் கிளினிக் கட்டப்போகிறோம் என்றதும் குறிகட்டுவானில் படகேறினேன். அங்கே பிள்ளைப்பேறு பார்த்துவந்த மருத்துவமாது என்னைவிட மூத்தவர். பழைய கட்டடத்து விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணீர் தந்தார். "உங்களுக்கு முக்கியமா என்ன வேணும் அக்கா?" என்று கேட்டேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

"அறை சின்னனா இருந்தாலும் பறவாயில்லைத் தம்பி. மழைத்தண்ணி பிடிக்க ஒரு பெரிய தாங்கி கட்டித் தாரும். இஞ்சை கிணத்துத் தண்ணி சவர், வாயிலை வைக்கேலாது. வயித்துப் பிள்ளையோட வாறதுகள் போத்தலிலை தண்ணி காவிக்கொண்டு வருகுதுகள். பாக்க ஏலாது."

"ஓம் அக்கா, எழுதிப்போட்டன்" என்றேன். அவர் கண்முன்னேதான் எழுதினேன்.

மதிப்பீட்டில், நடுவே கிடக்கும் கடலை நான் மறக்கவில்லை. சீமெந்தும் மணலும் கம்பியும் படகில் ஏறி இறங்கும் கூலியை ஒவ்வொரு கூறுக்குள்ளும் பிரித்துப் போட்டேன். தாங்கியை மட்டும் வெளிவேலை என்ற கடைசி வரியில், மதிலோடும் வாசல் படலையோடும் சேர்த்தேன். நகரத்துக் கோப்புகளில் அது அங்கேதான் இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் தாங்கி ஒரு மேலதிக வசதி. கடலை நினைத்தவன் தண்ணீரை நினைக்கவில்லை.

ஒதுக்கிய காசைவிட மொத்தம் கூடிவிட்டது என்று கூட்டம் வைத்தார்கள். எங்கள் மேலதிகாரி அட்டவணையைக் கையில் எடுத்தார். நான் ஆசைப்பட்டபடியே அவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. சிவப்புப் பேனையால் கடைசி வரியை வெட்டினார்.

"மதிலும் படலையும் பிறகு பாப்பம் ஐசே."

"சேர், அதுக்குள்ளைதான் தாங்கியும் இருக்கு."

"அப்ப ஏன் அதை மதிலோட போட்டனீர்? இனி வரி மாத்தினால் எல்லாம் திரும்ப அனுமதிக்குப் போய் வரோணும். வருஷம் முடியப்போகுது."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். என் சொல் ஏறித்தான் இருந்தது, பிழையான வரியில். அதற்குப் பதிலாகக் கூரையையோ கதவையோ வெட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது?

கட்டடம் அழகாகத்தான் வந்தது. முடிந்த கட்டடத்தின் உண்மைச் செலவை எடுத்து அட்டவணையில் சேர்ப்பதும் என் வேலை என்பதால், திரும்பவும் நெடுந்தீவுக்குப் போனேன். புது விறாந்தையின் நீள வாங்கிலில் ஐந்தாறு கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு போத்தல். மருத்துவமாது கோபப்படவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"எழுதினனான் எண்டெல்லோ சொன்னனீர்?"

"எழுதினனான் அக்கா."

"அப்ப எங்கை?"

கூறு, வரி, வெளிவேலை என்று விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கேத்திலில் தண்ணீரை அளந்து ஊற்றி எனக்குத் தேத்தண்ணீர் வைத்தார். அதைக் குடிக்கவும் மனம் வரவில்லை, குடிக்காமல் எழும்பவும் முடியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து செலவைப் பதிந்தேன். வெளிவேலைக்கு நேரே பூச்சியம் போட்டேன். கட்டாததற்கு வேறு என்ன எழுதுவது?

இப்போது அனலைதீவிலும் அதேபோல ஒரு கிளினிக் வரப்போகிறது. தீவுக் கட்டடத்துக்குத் தீவுக் கட்டடத்தின் செலவையே அடிப்படையாக எடுக்கவேண்டும் என்பது நானே எழுதிவைத்த விதி. ஆகவே நெடுந்தீவுக் கணக்கு அப்படியே வந்து இறங்கியது, பூச்சியத்தோடு. தண்ணீருக்குத் தனியாக ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். என் அட்டவணைதான் இப்போது எல்லா மாவட்டத்துக்கும் படிவம், மாற்ற ஏலாது என்றார்கள். சரி, கடைசி வரியிலாவது தாங்கியைச் சேர்ப்போம் என்று எழுதிக்கொண்டு போனேன். மேலதிகாரி என் அட்டவணையையே எனக்குத் திருப்பிக் காட்டினார்.

"நெடுந்தீவிலை தாங்கி இல்லாமல்தானே ஐசே கிளினிக் நடக்குது?"

நடக்கிறதுதான்.

போன கிழமை அனலைதீவுக்குப் போய்க் காணியை அளந்தேன். அங்கே இருக்கிற மருத்துவமாது இளம் பெண். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஏதாவது கேட்பேன் என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன்.