கரிக்கோட்டுக்குக் கீழே அரை விரல்

நல்லெண்ணெயில் மிளகு பொரியும் வாசனை வீடெங்கும் நிற்கிறது. மகன் குடும்பத்தோடு குற்றாலத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறான். அவர்கள் தேய்த்துக் குளிக்க நான் எண்ணெய் காய்ச்சுகிறேன். “என் டார்ச்சை யாரு எடுத்தா?” என்று முன்னறையில் கத்துகிறான். அச்சு அசல் என் அப்பாவேதான்.

அப்பா போலீஸ் ஏட்டு. அறுபதுகளில் ஒரு சாரல் பருவத்தில், வாசுதேவநல்லூரிலிருந்து எங்களை மாட்டுவண்டியில் கூட்டிப்போய், ஐந்தருவிப் பக்கம் ஒரு தோப்பில் தார்ப்பாய் கட்டினார். சாமான் மூட்டையை அம்மாவை நம்பி விடாமல் அவரே கட்டியிருந்தார். பக்கத்து மரத்தடியில் தங்கியிருந்த மேலகரத்துக் குடும்பத்தையும் அவர் நம்பவில்லை. நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டதும், புட்டியில் மிச்சம் நின்ற மட்டத்துக்குக் கரியால் கோடு போட்டுவிட்டுத்தான் அருவிக்குக் கூட்டிப்போனார். அம்மா மட்டும் சமைக்க இருந்தாள்.

திரும்பி வந்து குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு புட்டியைப் பார்த்தார். எண்ணெய் கோட்டுக்கு அரை விரல் கீழே இறங்கியிருந்தது. நேரே மேலகரத்துக்காரரிடம் போனார்.

“அண்ணாச்சி, தலையக் கொஞ்சம் குனிங்க.”

அவர் குனிந்தார். அப்பா மோந்து பார்த்தார்.

“ஏட்டி, இங்கன வா! நம்ம மிளகு எண்ணெ!”

அம்மா கரண்டியோடு வந்தாள். “நாந்தான் கொடுத்தேன். நீங்க கட்டுன மூட்டையில உப்பே இல்ல. இப்ப ருசிச்சுத் தின்னீங்களே, அது அவுக தந்த உப்பு.”

அதன்பின் வீட்டில் எது காணாமல் போய் அப்பா யாரை முறைத்தாலும், அம்மா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள்.

முன்னறையில் மகன் இப்போது மருமகளை முறைத்துக்கொண்டிருக்கிறான். அடுப்பை அணைத்துவிட்டு உப்பு ஜாடியை எடுத்தேன்.