வேலி ராஜாவின் கூடுகள்

நீங்கள் நம்பமாட்டீர்கள், 2009 ஏப்ரலில் ஒரு குருவிக்காக என் சைக்கிளைப் பூட்டிவிட்டார்கள். ஜெர்மனியில், காட்டை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் சைக்கிள் கொட்டகையில் அது கூடு கட்டியிருக்கிறதாம். ஒரு மாதத்துக்குக் கதவைத் தொடக் கூடாதாம். கீழ்வீட்டு ஹில்டா அம்மாள் வந்து, "உங்கள் கொட்டகைக்கு ராஜா வந்திருக்கிறார்" என்றார். ஊருக்குப் போயிருந்த என் கணவர் செல்வத்தைத்தான் நக்கலடிக்கிறார் என்று நினைத்து, "ராஜா சிதம்பரத்தில் வீடு கட்டுகிறார்" என்றேன். அவர் விழித்தார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குருவிக்குப் பெயரே சௌன்கோனிக், வேலி ராஜா.

நடந்தே வேலைக்குப் போன கடுப்பில் ராஜாவை உற்றுப் பார்த்தேன். விரல் நீளம், சருகு நிறம், விறைப்பாகத் தூக்கி நிறுத்திய வால். சத்தம் மட்டும் மஞ்சக்குப்பம் மைதானத்து ஒலிபெருக்கி. ஆண் குருவி பாசியும் சருகும் வைத்துப் பந்துபோல ஐந்தாறு கூடுகளை அரைகுறையாகக் கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடுமாம். அவள் ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்துப் பார்ப்பாள். பிடித்த ஒன்றுக்கு மட்டும் இறகு கொண்டுவந்து மெத்தை போடுவாள். அடைகாப்பதும் அவள் பாடுதான். ஐயா வேலியில் உட்கார்ந்து பாடுவார். இதை ஹில்டா அம்மாள் கண்கலங்கச் சொன்னார். எனக்கோ எரிச்சல்தான் வந்தது.

அந்த டிசம்பரில் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம் செல்வம் கட்டிய வீட்டைப் பார்க்கப் போனேன். இது இரண்டாவது. கடலூரில் தொடங்கிய முதல் வீடு கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. இங்கே வாசலில் நாலு தூண், சமையலறையில் கையகல ஜன்னல்கூட இல்லை.

"உனக்காகத்தான் கட்டினேன்" என்றார்.

"சமைக்கிறவ மூச்சு வுட வேணாமா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கூட வந்த என் தம்பி சிரித்தான். "வுடுங்க மாமா, அக்காவுக்கு இப்ப பவுசு ஜாஸ்தி."

செல்வம் சிரிக்கவில்லை. "அப்ப அங்கயே இருந்துடப் போறியா?"

"அந்தக் குளுருல எவ இருப்பா?" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

இருவரும் மேஸ்திரியைப் பார்க்க வெளியே போனதும், கூடத்து ஜன்னலை முந்தானையால் அளந்தேன். ஏனென்று எனக்கே தெரியாது. ஜெர்மனிக்குத் திரும்பி வந்து பூப்போட்ட துணி வாங்கித் திரை தைத்தேன். அந்த வீடு இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. திரை இங்கே என் ஜன்னலில் இரண்டு சாண் குட்டையாகத் தொங்குகிறது. அதன் கீழே பனி தெரிகிறது.