புசல்லாவைக்கு மேலே ஒரு கயிறு

காலை 6.40. கண்டி குட்செட் பஸ் நிலையத்திலிருந்து நுவரெலியா பஸ் புறப்பட்டது. தவலந்தென்னவுக்கு 210 ரூபாய்.

"புசல்லாவைக்கு மேல மண் விழுந்து கெடக்கு சேர். எறங்கி நடந்து, அந்தப் பக்கம் நிக்கிற பஸ்ஸில ஏறணும்," என்றார் நடத்துனர்.

சரிந்த மண்ணைக் கடக்க வீதிப் பொறியியலாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றேன்.

"அவரு வாறதுக்கும் ரோடு வேணுமே சேர்."

தவலந்தென்னவில் என் தங்கை ராணி, பள்ளிக்கூட ஆசிரியை, தனியாக இருக்கிறாள். வீட்டின் பின்மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. அந்தப் பகுதிக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை. இரண்டு நாளாக அவளுடைய போன் வேலை செய்யவில்லை. ஆபத்தான இடங்களிலிருந்து ஆட்களை வெளியேற்றும் சுற்றறிக்கைகள், நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெறும்வரை, என் மேசையில்தான் கிடந்தன. பந்தி பந்தியாக ஒப்புவிப்பேன். மலை அவற்றை வாசித்ததில்லை.

கெலிஓயாவிலிருந்து மகாவலி கூடவே வந்தது. செங்கல் நிறத் தண்ணீரில் ஒரு கதிரை மிதந்து போயிற்று. பின்னால் யாருடைய வீட்டுக் கதவோ. கம்பளையில் பாதிப் பஸ் இறங்கியது. ஒருவரும் ஏறவில்லை. ஏற்றம் தொடங்கியதும் சாரதி பாட்டை நிறுத்தி, கல் உருளும் சத்தம் கேட்க வேண்டும் என்று எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார். அதன்பின் யாரும் இருமக்கூட இல்லை.

9.15. பாதை முடிந்தது. முன்னால் ஈரச் சேறு, அதன்மேல் பலகைகள், நடுவே ஒரு கயிறு. இடப்பக்கம் போகிறவர்கள், வலப்பக்கம் வருகிறவர்கள். கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி. விழுந்தால் எதில் விழுவோம் என்பதுகூடத் தெரியவில்லை.

பாதிவழியில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், பையைத் தலையில் வைத்தபடி ராணி.

"அண்ணே! இங்க என்னா செய்றீங்க?"

"ஒன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்!"

"நான் ஒங்க வீட்டுக்குத்தான் வர்றேன்! கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு. திரும்புங்கண்ணே!"

கயிற்றுக்கு அடியில் குனிந்தேன். விசில் சத்தம் கேட்டது.

"பெரியவரே, நிக்காதீங்க! அந்தக் கரைக்குப் போயி திரும்பி வாங்க!" என்றார் பொலிஸ்காரர். சரியான விதிதான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பலகை காலடியில் மெல்ல அமிழ்ந்தது. கீழ்ப்படிந்தேன்.

அந்தக் கரையில் திரும்பும் வரிசையில் நின்றேன். மேலே லொறி கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். நீண்ட விசில். பலகையில் இருந்தவர்கள் இரு பக்கமும் ஓடித் தப்பினார்கள். பிறகு பலகைகள் இல்லை, கயிறும் இல்லை.

எதிர்க்கரையில் ராணி தெரிந்தாள். "அண்ணே! நம்ம வீட்டுப் பக்கம் போயிடாதீங்க!"

ஆபத்திலிருக்கும் ஒருவரை வெளியேற்ற வந்தேன். காரியம் முடிந்தது, ஆள்தான் மாறிவிட்டது.

பின்னேரம். அந்தக் கரையில் நின்ற பஸ்ஸில் வந்து, வீடுகளை விட்டு வந்தவர்கள் தங்கும் தவலந்தென்னப் பாடசாலை மண்டபத்தில், ராணியின் அயலவர்களோடு இருக்கிறேன். "டீச்சர்தான் போயிட்டாங்களே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று தேநீர் தந்த பெண் கேட்டாள். மழை தொடங்கியதும் அவளும் மலைப் பக்கம் காது கொடுத்தாள்.

ராணி இந்நேரம் கண்டியில் இருப்பாள். அங்கே என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மண்மேடு உண்டு. இத்தனை வருடமும் அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டோம். வெடிப்பு இருக்கிறதா என்று ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.